தொட்டிச் சுவரில் வந்த நீலம்

தண்ணீரில் வாசம் வருகிறது என்று எனக்குத் தெரிந்த காலையில் நான் செய்த முதல் வேலை, அந்தச் சொம்பைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்ததுதான். யாரும் பார்க்கவில்லை. கணவர் அரியலூருக்குக் கிளம்பச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எட்டு மாத வயிற்றோடு மகள் உள்ளறையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். குழாயைத் திறந்து இன்னொரு சொம்பு பிடித்து மூக்கருகே கொண்டுபோனேன். சந்தேகமே இல்லை. மழைக்காலத்தில் தெருமுனைச் சாக்கடை மூடியைத் தாண்டும்போது ஒரு வாசம் வருமே, அதுதான். லேசாக இருந்தது. ஆனால் இருந்தது.



நான் முப்பது வருஷத்துக்கு மேல் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள். நீரால் பரவும் நோய்கள் என்று போர்டில் தலைப்புப் போட்டு, காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, "சாக்கடத் தண்ணி குடிதண்ணில கலந்தா என்னாகும்?" என்று கேட்டு, முழிக்கிறவனைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியவள். அப்பேர்ப்பட்ட டீச்சர் அன்றைக்கு என்ன செய்தேன் தெரியுமா? பெரிய குண்டானை அடுப்பில் ஏற்றித் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். மகளிடம் போய், "பாப்பா, இனிமே வெந்நீதான் குடிக்கணும். மாசம் ஏற ஏற அதான் நல்லது" என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிம்மா" என்றாள். அதோடு சரி. பிளம்பரைக் கூப்பிடவில்லை. கணவரிடம் சொல்லவில்லை. ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை.

ஏனென்றால், சொன்னால் தோண்ட வேண்டும். மாசமாக இருக்கிற பெண் இருக்கும் வீட்டில் மண்ணைத் தோண்டக் கூடாது, சுவரை இடிக்கக் கூடாது என்பார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதாம்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் சிரித்தவள்தான். சிரித்ததற்குத்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நான் பிறந்தது வரதராஜன்பேட்டையில். மாதா கோயில் மணிச் சத்தத்தில் எழுந்து, பூசைக்குப் போய்விட்டுப் பள்ளிக்கூடம் போகிற குடும்பம். நல்ல நேரம், ராகுகாலம் எதுவும் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. கல்யாணமாகிப் பெரம்பலூர் வந்து, இந்த வீட்டைக் கட்ட ஆரம்பித்தபோது எனக்கு ஏழாம் மாதம். முதல் பிள்ளை. சுவர் எழுந்துவிட்டது. பின்பக்கக் கழிவறையிலிருந்து வடக்குச் சுவரை ஒட்டியே பள்ளம் எடுத்து, வாசல் கேட்டருகே செப்டிக் டேங்க் கட்ட வேண்டியதுதான் பாக்கி. மாமியார் குறுக்கே வந்து நின்றார். "புள்ளத்தாச்சி இருக்கிற வூட்டுல மண்ணத் தோண்டாதீங்கப்பா. புள்ள பொறக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் புதுசாக வேலைக்குச் சேர்ந்த அறிவியல் டீச்சர். எனக்குத் தெரியாததா? "மண்ணுக்கு யாரு மாசமா இருக்காங்கன்னு எப்படித் தெரியும் அத்தை?" என்று சிரித்தேன். கொத்தனாரிடம், "நீங்க தோண்டுங்க" என்றேன். குடை பிடித்து நின்று வேடிக்கையும் பார்த்தேன்.

ஒன்றரை மாதம் கழித்துப் பிள்ளை பிறந்தது. பையன். அழவில்லை. தட்டினார்கள், தலைகீழாகப் பிடித்தார்கள், அழவே இல்லை.

தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது என்றார் டாக்டர். எனக்கு அது புரிந்தது. இன்றைக்கும் புரிகிறது. யார் கேட்டாலும் கொடிதான் காரணம் என்று படம் போட்டு விளக்குவேன். மாமியார் அதற்கப்புறம் பல வருஷம் உயிரோடு இருந்தார், ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், தீர்ந்திருக்கும். சொல்லாமலே போய்விட்டார். "நீங்க தோண்டுங்க" என்று சொன்ன என் குரல் மட்டும் உள்ளேயே கிடந்தது.

வீட்டின் வடக்குப் பக்கம் நான் அதிகம் போவதில்லை. அந்தக் கொடிக்கயிற்றில் துணி காயப்போடுவதில்லை. தெருவில் பாதாளச் சாக்கடை வந்தபோது அக்கம்பக்கத்தார் பழைய குழாயைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதுக் குழாய் போட்டார்கள். நான் விடவில்லை. "இருக்கிற லைன் நல்லாத்தானே இருக்கு, அதை எதுக்குத் தொடணும்?" என்று ஒரே பிடி. செப்டிக் டேங்கைக் காலி செய்து மணலைக் கொட்டி மூடினார்கள். பழைய மண்குழாயை அப்படியே நீட்டி, தெருவில் மூடி போட்ட சாக்கடைச் சேம்பரில் சேர்த்தார்கள். கழிவறை மூன்று முறை அடைத்துக்கொண்டது. மூன்று முறையும் கம்பி விட்டுக் குத்திச் சமாளித்தோம்.

அப்புறம் இவர் ஒரு காரியம் செய்தார். நகராட்சித் தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை வருவதால் தரைக்குள் தொட்டி கட்ட வேண்டும். எங்கே கட்டுவது? ஈசானி மூலையில்தான் கட்ட வேண்டும் என்று நின்றார். ஞாயிற்றுக்கிழமை முதல் பெஞ்சில் உட்கார்ந்து பூசை காண்கிற மனுஷனுக்கு ஈசானி மூலை! "ஏங்க, மாதா படம் ஒரு பக்கம், வாஸ்து ஒரு பக்கமா?" என்று கேலி செய்தேன். "தண்ணி அங்கதான் டீச்சர் இருக்கணும். இதுல மதம் என்ன இருக்கு? எல்லாருக்கும் பொது" என்றார். கோபம் வந்தாலும் கொஞ்சல் வந்தாலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ஈசானி மூலை என்பது வடகிழக்கு. சாக்கடைக் குழாய் போகிற வடக்குச் சுவருக்கும் அந்தத் தொட்டிக்கும் நாலடிதான் இடைவெளி. அவர் மூலையை விடவில்லை, நான் குழாயை விடவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து சாக்கடையையும் குடிதண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தோம்.

அந்த ஒன்பது நாளும் நான் நானாக இல்லை. குண்டான் குண்டானாகக் கொதிக்க வைத்தேன். சோற்றுக்குக் கொதித்த தண்ணீர், காய் கழுவக் கொதித்த தண்ணீர். மகள் பல் தேய்க்கப் போனால் ஒரு கிண்ணத்தில் வெந்நீரோடு பின்னாலேயே ஓடினேன். "என்னம்மா இது, பல்லுக்குமா?" என்றாள். "ஈறுக்கு நல்லது" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். வாயில் தப்பித்தவறிப் போகிற ஒரு மடக்கு எது என்று எனக்குத் தெரியாது. அவள் இருமினால் பதறினேன். குமட்டல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஏலாக்குறிச்சி மாதாவிடம் வேண்டிக்கொண்டேன், இன்னும் அஞ்சாறு வாரம் தாயே, புள்ள பொறந்த மறுநாளே தோண்டிடறேன் என்று. பங்குச் சாமியாரிடம் கேட்டிருக்கலாம். அவர் திட்டிவிட்டு, உடனே தோண்டுங்க டீச்சர் என்றுதான் சொல்வார். அதற்காகவே கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை, இவர் வராந்தாவில் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். வெயில் முகத்தில் விழுந்தது. கண் மஞ்சளாக இருந்தது. நான் கண்ணாடியைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு இமையை இழுத்துப் பார்த்தேன். "என்ன டீச்சர், பரீட்சையா?" என்றார். ரெண்டு மூணு நாளாகவே சாப்பாடு இறங்கவில்லை, சிறுநீர் மஞ்சளாகப் போகிறது, சொல்லவில்லை என்றார். இந்த வீட்டில் யார்தான் எதைச் சொல்கிறோம்!

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஆபீஸ் ஒன்றில் அவருக்குக் கணக்கு வேலை. மத்தியானம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டா தின்பார். "அந்தக் கடைதான்! எத்தனை தடவ சொன்னேன்!" என்று கத்தினேன். பரோட்டாக் கடைக்காரரை அன்றைக்கு நான் திட்டிய திட்டில் அவருக்குப் புரையேறியிருக்கும். கத்தும்போதே உள்ளே ஒரு குரல், அது கடை இல்லை என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் வாயை அடைக்கத்தான் அவ்வளவு சத்தம். ரஞ்சன்குடிப் பக்கத்திலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்துவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

டாக்டர் என்னிடம் படித்த பொண்ணு. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "காமாலைதான் டீச்சர். வீட்டுல தண்ணி எப்படி?" என்று கேட்டாள்.

"நல்ல தண்ணிம்மா" என்றேன்.

நான்தான் சொன்னேன். கூசாமல் சொன்னேன். அவள் நம்பிவிட்டாள், சொன்னது நான் என்பதால். மருந்து எழுதிக்கொண்டே, "பாப்பா பிரசவத்துக்கு வந்திருக்குல்ல? பாத்து இருக்கச் சொல்லுங்க. தண்ணில வர்ற காமாலைல ஒரு வகை இருக்கு, கடைசி மாசத்துல வந்தா ரொம்ப மோசம். தாய்க்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து" என்றாள்.

வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். "என்னாச்சு, எனக்குத்தானே காமாலை, நீ ஏன் உக்காந்துட்ட?" என்றார் இவர். அவரிடம் அப்போதுதான் சொன்னேன். ஒன்பது நாளையும் சொன்னேன். மனுஷன் கத்தவில்லை. மஞ்சள் கண்ணோடு என்னையே பார்த்துவிட்டு, "போன் போடு, பிளம்பருக்கு" என்றார்.

கீழப்பழுவூரிலிருந்து புருஷனும் பெண்டாட்டியுமாக டி.வி.எஸ். வண்டியில் வந்தார்கள். வண்டியின் முன்னால் மஞ்சள் நிறத்தில் ஒரு கேபிள் சுருள். அதன் நுனியில் கட்டைவிரல் மொத்தத்துக்கு ஒரு கேமரா. அவர் குழாய்க்குள் கேபிளைத் தள்ளுவார், அந்தப் பெண் போனில் பார்த்துச் சொல்வாள். முப்பது, முப்பத்தைந்து வயசிருக்கும் அவளுக்கு. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருச் சேம்பர் மூடி பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள். நான் எட்டிப் பார்க்கப் போனேன். "தள்ளி நில்லுங்க டீச்சர், மூடி திறந்ததும் காத்து வரும்" என்றாள். "நாங்க எதுக்குள்ளயும் இறங்க மாட்டோம். எங்க சித்தப்பா ஒரு டேங்க்ல இறங்கினவரு, ஏறல. அதுக்கப்புறம்தான் மாமா இந்தக் கேமராவ வாங்கினாரு." சாதாரணமாகச் சொன்னாள். நான் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

போனில் ஒரு வட்டம் தெரிந்தது. சுற்றிலும் அழுக்குப் பழுப்பு, நடுவில் இருட்டு. அந்த இருட்டுக்குள் கேமரா போய்க்கொண்டே இருந்தது. அந்தக் குழாயின் உட்பக்கத்தை முப்பது வருஷத்தில் ஒரு மனிதக் கண்ணும் பார்த்ததில்லை. எனக்கு என்னென்னமோ தோன்றியது. அதைப் பார்க்கக்கூடாது என்றுகூடத் தோன்றியது.

"மாமா, நிறுத்து. பின்னாடி இழு. இன்னும் கொஞ்சம். ஆங், அங்கதான்."

இரண்டு குழாய் சேருகிற இடத்தில் வாய் பிளந்திருந்தது. நாலு விரல் உள்ளே போகும். பிளந்த இடத்தில் கருப்பாக மண் தொங்கியது. அவள் போனை என் பக்கம் திருப்பினாள். "கரிசல் மண்ணுங்க டீச்சர். கோடைல வெடிச்சு இழுக்கும், மழைல உப்பித் தள்ளும். மண்குழாய் எத்தன நாளு தாங்கும்? இந்தச் செங்கல் வச்ச எடம் என்ன எடம்?" என்றாள். கேபிளின் அடிக் கணக்கை வைத்துத் தரையில் அவள் புருஷன் ஒரு செங்கல்லை வைத்திருந்தார். அது தரைத் தொட்டிக்கு நேராக இருந்தது.

"ஓட்டை இருந்தா தொட்டிக்குள்ள போவுதுன்னு ஆயிடுமா?" என்றேன். இன்னும் தப்பிக்க வழி தேடுகிறேன் பாருங்கள். "தொட்டி சிமெண்டுத் தொட்டிதானே?"

"பாத்துடுவோம். வீட்டுல சொட்டு நீலம் இருக்கா டீச்சர்?"

வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலம்தான். புதுப் பாட்டில் இருந்தது. தொட்டித் தண்ணீரை மோட்டார் போட்டு அடிமட்டம் வரை வெளியே இறைத்தோம். தெருச் சேம்பர் பக்கம் குழாய் வாயைச் சாக்கு வைத்து அடைத்தார் பிளம்பர். பாட்டில் முழுவதையும் இரண்டு வாளித் தண்ணீரில் கலக்கிக் கழிவறையில் ஊற்றினோம். அதற்கு மேல் வாளி வாளியாக வெறும் தண்ணீர். குழாய் நிறைந்து நிற்க வேண்டுமாம். பிறகு அந்தப் பெண் தொட்டி வாயருகே குப்புறப் படுத்து, தலையை மட்டும் நீட்டி, டார்ச்சை அடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

காத்திருந்தோம். நான் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவர் நாற்காலியில் சுருண்டிருந்தார். மகள் ஜன்னல் வழியே பார்த்தாள். "உள்ள போ பாப்பா" என்றேன். அவள் போகவில்லை. வரக்கூடாது, வரக்கூடாது, நீலம் வரக்கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஜெபம்கூட வாயில் வரவில்லை, இதுதான் வந்தது. அரை மணி இருக்கும். கொஞ்சம் நிம்மதிகூட வந்துவிட்டது எனக்கு.

"டீச்சர், வந்து பாருங்க."

மண்டி போட்டுக் குனிந்தேன். டார்ச் வெளிச்சத்தில் தொட்டியின் வடக்குச் சுவர் தெரிந்தது. அதில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. வெடிப்பிலிருந்து நீலம் கசிந்து, சட்டைப் பையில் பேனா ஒழுகினாற்போல் படர்ந்து, மெல்ல ஒரு கோடாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அடியில் மிச்சமிருந்த தண்ணீரில் போய் நின்றது. அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம். அதில்தான் மகளுக்குக் கஞ்சி காய்ச்சினேன்.

"சேசுவே" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண்தான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

மறுநாள் காலையில் தோண்டுவது என்று முடிவாயிற்று. நான் அதற்குள்ளும் ஒரு வழி கண்டுபிடித்தேன். மகளை வரதராஜன்பேட்டையில் என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தால், மாசமானவள் இருக்கிற வீட்டில் தோண்டியதாக ஆகாது. காருக்குச் சொல்லிவிட்டேன். துணிமணியை எடுத்து வைத்தேன். கடப்பாரை, மண்வெட்டியோடு அவர்கள் வந்து இறங்கியபோது, மகள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து வடக்குப் பக்கம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏண்டி, உனக்குக் கிறுக்கா? எந்திரி. கார் நிக்கிது."

"நான் எங்கயும் போகல."

"தோண்டுறத நீ பாக்கக் கூடாதுடி!"

"பாத்தா ஆகாதுன்னா, குடிச்சா மட்டும் ஆகுமாம்மா?"

அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"தண்ணி நாறுதுன்னு நான் வந்த மொத வாரமே எனக்குத் தெரியும்மா. உனக்கு முன்னாடியே தெரியும்."

"சொல்ல வேண்டியதுதானடி, பாவி!"

"சொன்னா தோண்டணும். அண்ணன் வயித்துல இருக்கும்போது தோண்டுன அதே எடத்த. அப்பா எல்லாம் சொல்லியிருக்காரு. நீ இந்தப் பக்கம் ஒரு துணிகூடக் காயப்போட மாட்ட, நான் சின்னப் புள்ளைலேருந்து பாக்குறேன். சொன்னா நீ செத்துடுவன்னு நெனச்சேன்."

"அதுக்காகக் குடிச்சியா?"

"தாகத்துக்குக் கொஞ்சம் கொஞ்சம்தான் குடிச்சேன். அப்புறம் நீ வெந்நீ போட ஆரம்பிச்ச பாரு, அன்னிக்குத்தான் நிம்மதி. அம்மாவுக்குத் தெரிஞ்சிடுச்சு, இனிமே அம்மா பாத்துக்கும்னு இருந்துட்டேன்."

அம்மா பாத்துக்கும். அந்த ஒரு சொல்லில் நான் உடைந்துபோனேன். ஒன்பது நாள் அம்மா என்ன பார்த்தாள்? அடுப்பைப் பார்த்தாள். தன் பயத்தைப் பார்த்துக்கொண்டாள். செத்துப்போன பிள்ளைக்குப் பயந்து, இருக்கிற பிள்ளையைச் சாக்கடைப் பக்கத்தில் படுக்க வைத்திருந்தேன். எனக்கு என் மேலேயே வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

பிளம்பர் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு தயங்கி நின்றார். மண்ணில் கை வைக்கும் முன் ஒன்று நறுக்கி வைப்பது அவர்கள் வழக்கம். எங்கள் வீட்டில் செய்யலாமா என்று தெரியாமல் நின்றார். "வைங்க தம்பி, எது வைக்கணுமோ வைங்க" என்றேன். அவர் வைத்தார். கடப்பாரையை எடுக்கப் போனவரின் கையிலிருந்து நான் அதை வாங்கிக்கொண்டேன்.

"டீச்சர், கனம்ங்க, கால்ல போட்டுக்கப் போறீங்க."

"போன தடவ வாயால சொல்லிட்டுக் குடை புடிச்சு நின்னேன் தம்பி. இந்தத் தடவ மொத குத்து நான்தான் குத்துவேன். பழி வந்தா எம்மேலயே வரட்டும். அவ மேல வேணாம்."

சிமெண்டுத் தரையில் கடப்பாரை பட்டு மணிக்கட்டு வரை அதிர்ந்தது. ஒன்றும் உடையவில்லை. மறுபடி குத்தினேன். நாலாவது குத்தில் ஒரு சில்லு தெறித்தது. மகள் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் வந்து, "போதும் டீச்சர், குடுங்க" என்று மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

இரண்டு நாள் வேலை. இடுப்பளவுப் பள்ளம். மண்குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டார்கள். இடுக்கெல்லாம் கருப்பு மண் ஏறி, தொட்டால் உதிர்ந்தது. மணல் மெத்தை போட்டு, மட்டக் குழாய் பிடித்து, தண்ணீர் ஓட வாட்டம் சரியா என்று பார்த்து, ரப்பர் வளையம் வைத்த தடிப்பான பி.வி.சி. குழாய் இறக்கினார்கள். மண் மூடுமுன் மறுபடியும் வாளி வாளியாக நீலம் ஊற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டு கசியவில்லை. தரைத் தொட்டியை மூடச் சொல்லிவிட்டேன். தென்பக்கம் தரைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தொட்டி வந்தது. ஈசானி மூலை என்று இவர் வாயைத் திறக்கவில்லை.

குழாய் சரியாகிவிட்டது. குடித்தது குடித்ததுதானே! மகளைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். "அன்னிக்கு உங்கிட்ட பொய் சொன்னேன்மா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெஞ்சு மேல் ஏற்றியிருந்தால்கூடத் தேவலை. ரத்தம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. நான் கும்பிடக் கையை எடுத்தேன். "இருங்க டீச்சர். இப்ப இல்லைன்னா வராதுன்னு அர்த்தம் இல்ல. உள்ள போனது வெளிய தெரிய வாரக்கணக்குல ஆகும். பிரசவம் வரைக்கும் கண்ணப் பாத்துக்கிட்டே இருங்க" என்றாள்.

பார்த்தேன். தினமும் காலையில் மகளை வராந்தாவில் வெயிலுக்கு நேராக நிறுத்தி, கீழிமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தால் அன்றைய பொழுது எனக்கு உண்டு. "சந்தையில மாடு புடிக்கிற மாதிரி பாக்குறியேம்மா" என்பாள். "வாய மூடிட்டு மேல பாரு" என்பேன். மேகம் போட்ட நாளில் வெயில் வரும்வரை அவள் பின்னாலேயே அலைவேன். இவருக்குக் கண் மெல்லத் தெளிந்து வந்தது. அதுகூடச் சந்தோஷமாக இல்லை. அவரைவிட்டு அவளிடம் போகிறதோ என்று இருந்தது. இரண்டாவது தடவை ரத்தம் எடுத்தார்கள். அப்போதும் இல்லை என்றார்கள். நான் நம்பவில்லை. அஞ்சு வாரம் இப்படிப் போயிற்று. ஒரு நாள்கூடப் பயம் குறையவில்லை, மாசம் ஏற ஏற அதுவும் ஏறியது.

வலி ஒரு காலையில் எடுத்தது. மத்தியானம் போல நர்ஸ் கதவைத் திறந்து, வெள்ளைத் துண்டில் சுற்றியதை என் கையில் கொடுத்தாள். என்ன குழந்தை என்று நான் கேட்கவில்லை. எத்தனை கிலோ என்று கேட்கவில்லை. நேரே அறைக்குள் ஜன்னலண்டை தூக்கிக்கொண்டு ஓடினேன். வெயிலுக்குத் திருப்பி, சுண்டுவிரலால் இமையைத் திறக்கப் பார்த்தேன். அது இறுக்கி மூடிக்கொண்டது. மறுபடி முயன்றேன்.

கட்டிலில் கிடந்த மகள் தலையைத் திருப்பினாள். "அம்மா, கண்ண விடு. மொதல்ல முகத்தப் பாரும்மா" என்றாள்.

பார்த்தேன். சின்ன வாயை அகலத் திறந்து அழுதுகொண்டிருந்தது. நர்ஸ் கையில் கொடுத்ததிலிருந்தே அழுதுகொண்டுதான் இருந்ததாம், வராந்தாவில் நின்ற இவருக்கே கேட்டதாம். எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.